அத்தியாயம் 6: சேற்றில் ஒரு பகல்

கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவின் பீட்று தோட்டத்தில் முடியும் பீக்கோ நடைபாதை 300 கிலோமீட்டருக்கும் மேல் நீளமானது. 22 கட்டங்களாகப் பிரித்திருக்கிறார்கள். இதன் பெரும்பகுதி ஏற்கெனவே இருந்த வழிதான். தோட்டத்து லொறிப் பாதைகளையும், கொழுந்து எடுப்பவர்கள் ஏறி இறங்கும் குறுக்குகளையும், லயங்களில், அதாவது தோட்டத் தொழிலாளரின் வரிசை வீடுகளில், வாழும் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகும் ஒற்றையடிப் பாதைகளையும் ஒன்றோடொன்று கோத்து இதை உருவாக்கியிருக்கிறார்கள். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் தேயிலையைத் தோட்டப் பயிராக நட்டதற்குப் பிறகு, தமிழகத்திலிருந்து வந்தவர்களும் அவர்கள் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் நடந்து நடந்து தேய்த்த வழிகள் இவை. அதனால் மழை பெய்தாலும் இவற்றில் ஆள் நடமாட்டம் நிற்பதில்லை. நீங்களும் நடக்கலாம். எப்படி நடப்பது என்பதுதான் இந்த அத்தியாயம்.

முதலில் பருவத்தைப் புரிந்துகொள்ள வேண்டும். மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை மேற்குச் சரிவுகளை நனைக்கும். ஹட்டன், நோர்வூட், பொகவந்தலாவைப் பக்கம் அப்போது நாள் முழுக்கத் தூறும். வட்டவளையில் ஆண்டு மழை 5,000 மில்லிமீட்டரைத் தாண்டுகிறது. அதே மாதங்களில் ஊவாப் பக்கம், அதாவது ஹப்புத்தளை, எல்ல, நமுனுகுல, பெரும்பாலும் காய்ந்து கிடக்கும். டிசெம்பர் முதல் பெப்ரவரி வரை வடகீழ் பருவமழை ஊவாவை நனைக்கும்போது மேற்கே மழை குறையும். இடைப்பட்ட ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் பிற்பகலில் இடியோடு கொட்டும். முழுப் பாதையையும் ஒரே மூச்சில் நடப்பவர்களுக்கு எந்த மாதத்தில் புறப்பட்டாலும் எங்கோ ஓரிடத்தில் சேற்று நாள் காத்திருக்கும். அதைத் தள்ளிப் போட முடியாது. தயாராகப் போகலாம்.

இங்கே எடுத்துக்காட்டாக, பொகவந்தலாவையிலிருந்து டயகம போகும் கட்டத்தைப் பார்ப்போம். பொகவந்தலாவைப் பள்ளத்தாக்கில் ஓடும் கெஹெல்கமு ஓயா காசல்ரீ நீர்த்தேக்கத்தில் விழுந்து, கடைசியில் களனி கங்கையாகக் கொழும்பை ஒட்டிக் கடலில் சேர்கிறது. டயகமப் பக்கத்து ஆக்ர ஓயா கொத்மலை வழியாக மகாவலியில் கலந்து திருகோணமலைக்குப் போகிறது. இரண்டுக்கும் நடுவில் உள்ள மலைமுகட்டை நீங்கள் ஏறிக் கடக்கிறீர்கள். ஏறும்போது உங்கள் காலடியில் ஓடும் தண்ணீர் மேற்குக் கடலுக்கும், இறங்கும்போது ஓடுவது கிழக்குக் கடலுக்கும் போகிறது. ஈரத்தைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான கட்டம் இல்லை.

முதல் நாள் இரவு

சேற்று நாளில் காலும் உடையும் நனையத்தான் செய்யும். எந்தச் சப்பாத்தும் எந்த மழைக்கோட்டும் எட்டு மணி நேரம் தாக்குப்பிடிக்காது. இதை முன்னிரவிலேயே மனம் ஒப்பி ஏற்றுக்கொண்டால் மற்ற முடிவுகள் சுலபம். நனையக்கூடாதவை சில மட்டுமே: இரவில் உடுத்தும் உடுப்பு ஒரு தொகுதி, தூங்கும்போது போடும் ஒரு சோடிக் காலுறை, கைபேசி, மருந்து, பணம். இவற்றுக்காக உயிரைக் கொடுத்துப் பாடுபடுங்கள். மற்றதெல்லாம் நனையட்டும்.

முதுகுப்பைக்கு வெளியே போடும் மழையுறையை மட்டும் நம்பாதீர்கள். மழை முதுகு வழியாக வழிந்து தோள்பட்டைத் தையல்களில் புகுந்துவிடும். பைக்குள்ளே தடித்த பொலித்தீன் பை ஒன்றை விரித்து, அதற்குள் பொருட்களை அடுக்கி, வாயைத் திருகி மடித்துக் கட்டுங்கள். ஹட்டனிலோ பொகவந்தலாவை டவுனிலோ எந்தப் பலசரக்குக் கடையிலும் அப்படிப்பட்ட பை கிடைக்கும். இந்தப் பாதையில் ஒவ்வொரு கட்ட முடிவிலும் தங்க வீடோ விடுதியோ தேடிக்கொள்ளலாம் என்பதால் கூடாரம், அடுப்பு தேவையில்லை. பையின் எடை எட்டு கிலோவுக்குள் நின்றால் நல்லது. வழுக்கும் இறக்கத்தில் ஒவ்வொரு கிலோவும் உங்களைக் கீழே தள்ளப் பார்க்கும்.

தூங்கப் போகுமுன் மண்சரிவு எச்சரிக்கையைப் பாருங்கள். இதை ஒருநாளும் விடக்கூடாது. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் பிரதேச செயலகப் பிரிவு வாரியாக மூன்று நிலைகளில் எச்சரிக்கை வெளியிடுகிறது. மஞ்சள் என்றால் விழிப்பாக இருக்க வேண்டும். செம்மஞ்சள் என்றால் வெளியேறத் தயாராக இருக்க வேண்டும். சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். ஊர்மக்களுக்குச் சொல்லும் இந்த அளவை நடப்பவர் இன்னும் ஒரு படி இறுக்கிக்கொள்வதே சரி என்பது என் கருத்து. மஞ்சள் என்றால் செங்குத்துக் குறுக்குகளை விட்டு வாகனப் பாதையில் நடங்கள். செம்மஞ்சள் என்றால் அன்று நடக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்களை மண் மூடியதை மலையகம் மறக்கவில்லை. 2025 நவம்பரில் டித்வா புயல் கண்டி, நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் எத்தனையோ சரிவுகளை உடைத்துவிட்டுப் போனது. பழைய வரைபடத்தில் இருக்கும் வழி இன்று தரையில் இல்லாமல் இருக்கலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117, அம்புலன்ஸ் சேவையின் 1990 ஆகிய இரண்டு எண்களையும் கைபேசியில் சேமித்து, ஒரு துண்டுத் தாளிலும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

பெரட்டு நேரத்தில் புறப்படுங்கள்

காய்ந்த பாதையில் மணிக்கு நான்கு கிலோமீட்டர் நடப்பவர் சேற்றில் இரண்டுதான் நடப்பார். முகட்டுக் காட்டில் அதுவும் குறையும். 15 கிலோமீட்டர் என்றால் ஏழெட்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். இங்கே ஆண்டு முழுவதும் மாலை ஐந்தே முக்காலுக்கும் ஆறரைக்கும் இடையில் சூரியன் மறையும், மறைந்த கையோடு இருட்டிவிடும். மூடுபனி இருந்தால் ஐந்து மணிக்கே மங்கல். ஆகவே தோட்டத்தில் பெரட்டுக்கு, அதாவது காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் கூட்டத்துக்கு, ஆட்கள் திரளும் நேரத்தில் நீங்களும் வெளியே இருக்க வேண்டும். பின்பகல் இடிமழைக் காலத்தில் காலை வேளைதான் மிச்சமிருக்கும் நல்ல நேரமும்கூட.

புறப்படும்போதே திரும்பும் நேரத்தையும் முடிவு செய்யுங்கள். பகல் ஒரு மணிக்குள் முகட்டை எட்டாவிட்டால் வந்த வழியே இறங்கிவிடுவது என்று வைத்துக்கொள்ளலாம். களைத்துப் போய் மழையில் நிற்கும்போது எடுக்கும் முடிவு நல்லதாக இருக்காது. காலையில் எடுத்த முடிவுக்கு அப்போது கட்டுப்பட்டால் போதும்.

வழி கேட்பதிலும் ஒரு முறை உண்டு. "இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்டால் "கிட்டத்தான்" என்ற பதில் வரும். தினமும் அந்த ஏற்றத்தில் நடப்பவர்களுக்கு அது உண்மையிலேயே கிட்டத்தான். அதற்குப் பதிலாக, "அண்ணே, இந்தக் குறுக்கால இன்னைக்கு யாராச்சும் இறங்கினாங்களா?" என்று கேளுங்கள். "அம்மா, ஆத்துல தண்ணி எப்படி?" என்று கேளுங்கள். "வேணாம் தம்பி, ரோட்டால சுத்திப் போங்க" என்று ஒரு பெரியவர் சொன்னால் அது இறுதித் தீர்ப்பு. கைபேசி வரைபடத்தைக் காட்டி வாதாடாதீர்கள்.

கால்

நீர் புகாத சப்பாத்து என்று விற்பதை இந்த நாளுக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கணுக்கால் வழியாக ஒருமுறை தண்ணீர் புகுந்துவிட்டால் வெளியேற வழியில்லாமல் நாள் முழுக்க உள்ளேயே கிடக்கும். துணி வலைப் பின்னலுள்ள, அடியில் ஆழமான பற்கள் கொண்ட, வாரை இறுக்கிக் கட்டக்கூடிய சப்பாத்தே மேல். தண்ணீர் போகும், நாலு எட்டு வைத்தால் வெளியேயும் வரும். செருப்போடு இறங்காதீர்கள். கொழுந்து எடுப்பவர்கள் செருப்போடு நடக்கிறார்களே என்று நினைக்கலாம். அவர்களில் பலருக்கு வேறு வழியில்லை, காலில் காயங்களோடுதான் வேலை செய்கிறார்கள். பருத்திக் காலுறை வேண்டாம். கம்பளியோ செயற்கை நூலோ நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். காலையில் குதிகாலிலும் விரல் இடுக்குகளிலும் வாசலின் தடவிவிட்டுப் புறப்படுங்கள்.

சேறு பலவகை. லொறிப் பாதையில் கெட்டியான தரைமேல் சவ்வுபோலப் படர்ந்திருக்கும் செம்மண் பார்வைக்கு ஒன்றுமில்லாதது, ஆனால் அதிகம் விழுத்துவது அதுதான். அங்கே குதிகாலை முதலில் ஊன்றாமல், முழுப் பாதத்தையும் தட்டையாக வையுங்கள். எட்டைக் குறுக்குங்கள். முழங்காலைக் கொஞ்சம் மடித்து, உடல் எடை பாதத்துக்கு நேர் மேலே நிற்கும்படி இறங்குங்கள். பயத்தில் பின்னால் சாய்ந்தால் கால் முன்னே ஓடிவிடும். செங்குத்தாக இருந்தால் பக்கவாட்டில் திரும்பிப் படிப்படியாக இறங்குங்கள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தைச் சுற்றி லொறிச் சக்கரம் உழுத பள்ளங்களில் சேறு முழங்கால்வரை வரும். கம்பை ஊன்றி ஆழம் பார்த்து இறங்கி, காலை எடுக்கும்போது குதிகாலை முதலில் மெதுவாக உயர்த்துங்கள். வெடுக்கென இழுத்தால் சப்பாத்து சேற்றிலேயே நின்றுவிடும். முகட்டுக் காட்டில் கறுப்பு மண்ணும் வேரும். ஈர வேரில் கால் வைக்காமல் அதைத் தாண்டி வையுங்கள். லயத்துக்கு இறங்கும் பாசி பிடித்த கல்படிகளில் கைப்பிடி இல்லாவிட்டால் உட்கார்ந்து இறங்குவதில் வெட்கம் ஒன்றுமில்லை.

கம்பு கட்டாயம். இரண்டு இருந்தால் நல்லது, ஒன்றாவது வேண்டும். இறங்கும்போது அதன் வாரில் மணிக்கட்டை மாட்டாதீர்கள். விழும்போது கை சிக்கி முறியும்.

குடையைப் பற்றி ஒரு வார்த்தை. மலை ஏறுபவர்கள் பலர் குடையை ஏளனமாகப் பார்ப்பார்கள். காற்றில்லாத தோட்டப் பாதையில் குடையைப்போலச் சுகமானது வேறில்லை. மழைக்கோட்டுக்குள் வியர்த்து நனைவதைவிட, குடைக்குள் கழுத்தைத் திறந்துவிட்டு நடப்பது உடம்புக்கு நல்லது. முகட்டுக்கு ஏறுமுன் மடக்கிக் கட்டிவிடுங்கள், மேலே காற்று அதை வைத்திருக்க விடாது.

பாதையின் நடுவில்

சேறு கண்டதும் மனிதக் கால் தானாக ஓரத்துக்கு ஒதுங்கும். அங்கே புல் இருக்கும், கொஞ்சம் காய்ந்த மண் இருக்கும். தயவு செய்து ஒதுங்காதீர்கள். இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதாக இருந்தால் இதை வையுங்கள்.

தேயிலை மலையில் ஓரம் என்பது வெறும் ஓரம் கிடையாது. மலையைக் குறுக்கே வெட்டி, மிகச் சிறு சாய்வில், கான்கள் ஓடுகின்றன. மேலிருந்து வரும் மழைநீரைப் பிடித்து, வேகத்தைக் குறைத்து, அது அள்ளிவரும் மண்ணைக் குழிகளில் படியவிட்டு, பக்கத்து ஓடைக்குக் கொண்டுபோய் விடுவது அவற்றின் வேலை. கான் வரம்பில் மானாப்புல் வளர்ந்திருந்தால் அது மண்ணைப் பிடித்து நிற்கிறது என்று பொருள். நனைந்த வரம்பில் ஒருவர் கால் வைத்தால் விளிம்பு உடையும். பத்துப்பேர் வைத்தால் கான் அடைபடும். அடைபட்ட கான் அடுத்த பெருமழையில் பொங்கி நேரே கீழே பாயும். கீழே தேயிலை இருக்கும், அதற்குக் கீழே லயம் இருக்கும். கான் வெட்டித் துப்புரவு செய்வது கடினமான வேலை, அதைச் செய்தவருக்கு நாட்சம்பளம்தான் கிடைத்திருக்கும். உங்கள் சப்பாத்துக்காக அவர் உழைப்பை உடைக்காதீர்கள். கால் எப்படியும் நனையப் போகிறது என்று நேற்றிரவே ஒப்புக்கொண்டுவிட்டோம். பாதையின் நடுவில், சேற்றுக்குள்ளேயே நடந்து போங்கள்.

எதிரே கொழுந்துக் கூடையோடோ விறகுக் கட்டோடோ ஒருவர் வந்தால் நீங்கள்தான் நிற்க வேண்டும். மலைப் பக்கமாக, உள்ளோரத்தில் நில்லுங்கள். பள்ளத்துப் பக்கம் நின்றால் விளிம்பு இடியலாம். கொழுந்து எடுப்பவர்களின் கூலி கிலோக் கணக்கோடு பிணைந்தது. அவர்களை நிறுத்திப் படம் எடுக்காதீர்கள். எடுக்க விரும்பினால் கேளுங்கள், மறுத்தால் சிரித்துக்கொண்டு நகருங்கள்.

அட்டையும் குளவியும்

முகட்டுக் காட்டில் அட்டை ஏறும். பயப்பட ஒன்றுமில்லை, நோயையும் பொதுவாகப் பரப்புவதில்லை. நெருக்கமாக நெய்த முழங்கால் அளவு அட்டைக் காலுறையைக் காற்சட்டைமேல் இழுத்துக் கட்டினால் பாதிப் பிரச்சினை தீரும். தோட்டத்தில் சவர்க்காரத்தை ஈரமாக்கிக் காலில் பூசிக்கொள்வார்கள், மழை கழுவும்வரை அது நன்றாகவே வேலை செய்யும். கடித்துவிட்டால் உப்போ நெருப்போ வைக்காதீர்கள். அட்டை தன் வயிற்றில் உள்ளதைக் காயத்துக்குள் கக்கிவிடலாம். தோலோடு ஒட்டிய மெல்லிய முனையில் நகத்தைச் சறுக்கி நுழைத்தால் கழன்றுவிடும். இரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளை அது செலுத்தியிருப்பதால் கொஞ்ச நேரம் இரத்தம் கசியும். கழுவி, துணியை அழுத்திப் பிடியுங்கள்.

குளவி வேறு விஷயம். தேயிலை மலைகளில் குளவிக் கொட்டுக்கு ஆளாகித் தொழிலாளர்கள் ஆஸ்பத்திரிக்குப் போவதும் உயிரிழப்பதும் தொடர்ந்து நடக்கிறது. மரத்தில், பாறையில், சில நேரம் தேயிலைச் செடிக்குள்ளேயே கூடு இருக்கும். "அந்தப் பக்கம் குளவி" என்று யாராவது சொன்னால் வேறு வழி கேளுங்கள். கலைந்து வந்தால் முகத்தையும் தலையையும் துணியால் மூடி, கையை வீசாமல், விரைவாக விலகுங்கள். பல இடங்களில் கொட்டியிருந்தாலும் மூச்சுத் திணறினாலும் 1990க்கு அழையுங்கள்.

முகடும் இறக்கமும்

ஏறும்போது உடம்பு சூடாக இருக்கும். முகட்டில் காற்றுப் பட்டதும் ஈர உடுப்போடு உட்கார்ந்தால் பத்து நிமிடத்தில் நடுக்கம் பிடிக்கும். ஆகவே மேலே சாப்பிட வேண்டாம். ஏறுமுன், மரத்தடியிலோ கோயில் திண்ணையிலோ கடையிலோ உட்கார்ந்து சாப்பிடுங்கள். தேங்காய் ரொட்டியும் கட்டசம்பலும் இந்த நாளுக்கென்றே செய்ததுபோன்ற சாப்பாடு: நனையாது, நசுங்காது, நெடுநேரம் பசி தாங்கும். கடை இருந்தால் ஒரு சாயத்தண்ணி. அந்த வேளையில் சப்பாத்தைக் கழற்றிக் காலைத் துடைத்து, கால் மணி நேரம் காற்றாட விட்டுப் பிழிந்த காலுறையைப் போடுங்கள். பாதம் வெளுத்துச் சுருங்கி, தொட்டால் மரத்திருந்தால் அன்றைய நடையைச் சுருக்கும் நேரம் வந்துவிட்டது. கூட வருபவர் பேச்சுக் குழறினாலோ, அடிக்கடி தடுமாறினாலோ, நடுங்கிக்கொண்டே "ஒன்றுமில்லை" என்றாலோ அவர் பேச்சைக் கேட்காதீர்கள். ஈர உடுப்பை மாற்றி, இனிப்பான சூட்டுப் பானம் கொடுத்து, அருகிலுள்ள லயத்துக்கு அழைத்துப் போங்கள்.

இறக்கத்தில் நிலத்தைப் படித்துக்கொண்டே போக வேண்டும். தரையில் புதிய வெடிப்பு, சாய்ந்து நிற்கும் மரமோ கம்பமோ, நேற்றுவரை தெளிவாக இருந்து இன்று கலங்கி வரும் ஊற்று, பெருமழையில் திடீரென வற்றும் ஓடை, மேலிருந்து வரும் உறுமல் சத்தம் எல்லாம் மலை நகரப் போவதன் அறிகுறிகள். நின்று பார்க்காமல், சரிவின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகுங்கள். பிறகு கண்டதைத் தோட்டத்து ஆட்களிடமும் 117க்கும் சொல்லுங்கள். கீழே குடியிருப்பவர்களுக்கு அந்தச் செய்தி உயிர்ச் செய்தி.

ஓடையில் தண்ணீர் முழங்காலுக்கு மேல் வேகமாக ஓடினால் இறங்காதீர்கள். மலை ஓடைகள் ஏறிய வேகத்திலேயே வடியும், மழை விட்டால் இரண்டு மூன்று மணி நேரத்தில் நிலைமை மாறலாம். கடக்கும்போது முதுகுப்பையின் இடுப்பு வாரைக் கழற்றிவிடுங்கள், விழுந்தால் பையைக் கைவிட வேண்டியிருக்கும்.

சேர்ந்த பிறகு

தங்கும் இடத்துக்கு வந்ததும் உட்காராதீர்கள், உட்கார்ந்தால் எழுந்திருக்க மனம் வராது. வெளிக்குழாயில் சப்பாத்தையும் காலையும் கழுவுங்கள். வீட்டுக்காரர் துடைத்து வைத்த சீமெந்துத் தரையில் சேற்றோடு ஏறக்கூடாது. சவர்க்காரம் போட்டுக் கழுவி, விரல் இடுக்கு வரை துடைத்து, வெட்டுக்காயங்களுக்கு மருந்து போட்டு, பாதுகாத்து வைத்த காய்ந்த காலுறையை இப்போது போடுங்கள். சப்பாத்தின் உள்தட்டை எடுத்துவிட்டு, உள்ளே பத்திரிகைத் தாளைக் கசக்கித் திணியுங்கள். ஒரு மணி நேரத்தில் தாளை மாற்றுங்கள். அடுப்புக்கு மிக அருகில் வைத்தால் பசை விட்டுப் போகும். நாளைக்கும் அதே ஈரக் காலுறையைத்தான் போடப் போகிறீர்கள், காய்ந்ததைத் தொடாதீர்கள். அது இரவுக்கு உரியது.

கடைசியாக ஒன்று, நடை முடிந்து வீடு திரும்பிய பிறகும் பொருந்துவது. எலிகளின் சிறுநீர் கலந்த சேற்றிலும் தண்ணீரிலும் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். சிறு கீறல் போதும், உடம்புக்குள் புகுந்துவிடும். காலில் காயத்தோடு போகிறவர்கள் நீர் புகாத ஒட்டுத்துணியால் மூடிக்கொள்ள வேண்டும். பல நாள் சேற்றில் நடக்கத் திட்டமிட்டிருந்தால் முன்கூட்டியே மருத்துவரைப் பார்த்து, தடுப்பு மருந்து வேண்டுமா என்று கேளுங்கள். நடந்து முடித்த ஒரு மாதத்துக்குள் கடுங்காய்ச்சல், கெண்டைக்கால் வலி, கண் சிவப்பு, சிறுநீர் குறைவு ஏதாவது தெரிந்தால் பனடோல் போட்டுக்கொண்டு வீட்டில் படுத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். போனதும், கேட்கும்வரை காத்திராமல், இந்தத் தேதியில் இந்த இடத்தில் சேற்றில் நடந்தேன் என்று மருத்துவரிடம் முதலில் சொல்லுங்கள்.